6 மில்லிமீட்டர் தகடு வேகாத கதை: பவுடர் கோட்டிங் லைன் ஒன்றில் செயின் வேகத்தைத் திருத்திய நிகழ்வு

பின்னணி

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில், துவாஸில் உள்ள நடுத்தரப் பட்டறை ஒன்றில் நடந்தது இது. அங்கே நான் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். லைன் சூப்பர்வைசர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், பவுடர் வேலையில் 18 வருடம் பழக்கம். லோடிங்கிலும் அன்லோடிங்கிலும் நின்றவர்களில் பாதிப் பேர் தமிழர்கள், மீதிப் பேர் வங்காளிகள். உற்பத்தி மேலாளர் தினமும் ஜோகூரிலிருந்து வந்து போகும் மலேசியச் சீனர். யார் பெயரும் இங்கே தேவையில்லை. இதே மாதிரி லைனில் நிற்கும் மற்றவர்களுக்கு உதவும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

லைனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பவுடர் கோட்டிங் என்பது உலோகத்தின் மேல் பவுடரைத் தூவி, சூட்டில் உருக்கி இறுக வைக்கும் பூச்சு. அந்த இறுகலைத்தான் வேக்காடு என்கிறோம். தலைக்கு மேல் ஓடும் ஒரே செயின். லோடிங்கில் மாட்டிய பொருள் முதலில் ஸ்ப்ரே டனலுக்குள் போகும். அங்கே எண்ணெய் நீக்கம், கழுவல், அயர்ன் பாஸ்பேட் (துருவைத் தடுத்துப் பூச்சைப் பிடிக்க வைக்கும் ரசாயனப் படலம்), கழுவல், கடைசியாக டீஅயனைஸ் செய்த, அதாவது கரைந்த உப்புகளை நீக்கிய நீர். அடுத்து உலர்த்தும் ஓவன், ஆறுவதற்கான வெட்டவெளி, கன்னால் மின்னேற்றிப் பவுடரைத் தூவும் அறையான பவுடர் பூத், பிறகு வேகவைக்கும் ஓவன். ஓவனுக்குள் செயின் யு வடிவில் திரும்பி வருகிறது. வாசலில் சூடு குறைவாக இருக்கும் பகுதியைக் கழித்துவிட்டால் உண்மையாகச் சூடு படும் நீளம் 40 மீட்டர். காற்றின் வெப்பநிலை 210 டிகிரியில் வைத்திருந்தோம்.

எங்கள் அன்றாட வேலை 1.5 மில்லிமீட்டர் தகட்டில் செய்த மின்பலகைப் பெட்டிகள். நிறம் ஆர்ஏஎல் நிறப்பட்டியலில் 7035, வெளிர்சாம்பல். பவுடர் பாலியெஸ்டர். உலோகம் 200 டிகிரியைத் தொட்ட பிறகு 10 நிமிடம் அதே சூட்டில் இருக்க வேண்டும் என்று அந்தப் பவுடரின் தரவுத்தாள் சொல்கிறது. காற்று 200 டிகிரி இருந்தால் போதும் என்று அது சொல்லவில்லை, உலோகம்தான் 200-ஐத் தொட வேண்டும். இந்த வித்தியாசத்தைத் தெரியாதவர் எங்கள் பட்டறையில் யாரும் இல்லை. ஆனால் அதை யாரும் அளந்ததும் இல்லை.

வேகம் நிமிடத்துக்கு 2 மீட்டர். செயின் மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் லேமினேட் செய்து ஒட்டிய அட்டையில் எந்த ஹெர்ட்ஸுக்கு எத்தனை மீட்டர் என்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் குமிழைத் திருப்புவார்கள். அட்டை மஞ்சளாகிப் போயிருந்தாலும் யாரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை.

ஆர்டரும் அவசரமும்

சீனப் புத்தாண்டுக்கு முன்னால் எல்லாப் பட்டறையிலும் என்ன நடக்கும் என்று இங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். விடுமுறைக்கு முன் பொருளை இறக்கிவிட வேண்டும் என்று எல்லா வாடிக்கையாளரும் ஒரே நேரத்தில் நெருக்குவார்கள். அந்த முறை பெட்டிகளோடு 640 கேபிள் தாங்கிகளும் (பிராக்கெட்) வந்தன. அதே வாடிக்கையாளர், அதே சாம்பல் நிறம், அதே பவுடர். ஆனால் தாங்கியின் அடித்தகடு 6 மில்லிமீட்டர். அதில் எல் வடிவ இரும்புக் கோணம் ஒன்றை வெல்டிங் செய்திருந்தார்கள்.

நிறம் ஒன்றுதானே என்று தாங்கிகளைப் பெட்டிகளுக்குப் பின்னாலேயே மாட்டினோம். அதில் ஒரு நியாயமும் இருந்தது. நிறம் மாற்றினால் பூத்தைச் சுத்தம் செய்ய முக்கால் மணி நேரம் போய்விடும். முதல் தொகுதி அட்டைப்படி 2.0-இல் ஓடியது. அடுத்த வாரம் மேலாளர் வந்து, "வேகத்தை கொஞ்சம் கூட்டினால் சனிக்கிழமைக்குள் முடித்துவிடலாம்" என்றார். சூப்பர்வைசர் யோசித்தார். 10 சதவீதம் கூட்டினால் ஓவன் தாங்கும் என்று கணக்குப் போட்டு 2.2-க்கு வைத்தார். பெட்டிகளைப் பொறுத்தவரை அவர் நினைத்தது சரிதான். இரண்டாம், மூன்றாம் தொகுதிகள் அந்த வேகத்தில் போயின.

பூச்சின் தடிமன் குறையக்கூடாது என்று கன்னின் பவுடர் ஓட்டத்தையும் கொஞ்சம் கூட்டினார்கள். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பூத்துக்குள் மிதக்கும் பவுடர் எரியக்கூடிய தூசி. உறிஞ்சும் காற்றின் வேகத்தைப் பார்க்காமல் பவுடரைக் கூட்டுவது தனியாகக் கவனிக்க வேண்டிய ஆபத்து. 2021 பிப்ரவரி 24 அன்று இதே துவாஸில், அவென்யூ 11-இல் நடந்த வெடிவிபத்தில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அங்கே முதலில் வெடித்தது கலக்கும் இயந்திரத்தின் எண்ணெய் உறை, அதைத் தொடர்ந்து தீப்பற்றியது உருளைக்கிழங்கு ஸ்டார்ச் தூசி. எங்களுடையது பாலியெஸ்டர். ஆனால் காற்றில் மிதக்கும் தூசி, தீப்பொறி, அடைபட்ட இடம் என்ற மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தெருவைத் தாண்டித் தேட வேண்டியதில்லை. எங்கள் பூத்தில் உறிஞ்சுதல் நின்றால் கன் தானாக நிற்கும் இணைப்பு இருந்தது. அது சரியாக வேலை செய்கிறதா என்று அந்த வாரம் யாரும் பார்க்கவில்லை.

முதலில் கண்டவர்

இதைச் சொல்லாமல் போனால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை. பிரச்சினையை முதலில் கண்டவர் நானோ சூப்பர்வைசரோ இல்லை. அன்லோடிங்கில் நின்ற தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர்தான் கண்டார். இரண்டாம் தொகுதி இறங்கியபோதே அவர் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார்: "அண்ணே, இந்த பிராக்கெட்ல நகத்தால கீறுனா தடம் விழுது. பெட்டியில அப்படி இல்ல."

சூப்பர்வைசர் வந்து தொட்டுப் பார்த்திருக்கிறார். பொருள் இன்னும் சூடாக இருந்தது. "சூட்டுல அப்படித்தான் இருக்கும் தம்பி, ஆறட்டும்" என்று சொல்லிப் போய்விட்டார். அந்தப் பதில் முழுத் தவறு என்றும் சொல்ல முடியாது. சூடான பூச்சு மென்மையாகத்தான் இருக்கும். ஆனால் பக்கத்து ஹூக்கில் அதே சூட்டில் தொங்கிய பெட்டியில் தடம் விழவில்லை. அந்த இளைஞர் சொன்ன இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம், அதைத்தான் யாரும் காதில் வாங்கவில்லை. ஓவர்டைம் நேரம், இரவு ஒன்பது மணி, வெளியே லாரி காத்து நிற்கிறது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

11 நாள் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து படங்கள் வந்தன. தளத்தில் பொருத்திய தாங்கிகளில் போல்ட்டை இறுக்கியபோது வாஷர் சுற்றிய இடத்தில் பூச்சு நசுங்கிச் சுருண்டிருந்தது. நுரைத்தாளில் சுற்றிக் கட்டியவற்றின் மேல் அந்தத் தாளின் புள்ளி வடிவம் அப்படியே பதிந்திருந்தது. படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வேகாத பூச்சு என்பதில் சந்தேகமே இல்லை.

சோதித்துப் பார்த்தது

பட்டறையில் மீதியிருந்த தாங்கிகளை உடனே ஒதுக்கிச் சிவப்பு நாடா கட்டினோம். மூன்று தொகுதியிலிருந்தும், அதே நாளில் ஓடிய பெட்டிகளிலிருந்தும் மாதிரிகளை எடுத்தேன்.

முதலில் பூச்சின் பிடிப்பைப் பார்க்க, ஐஎஸ்ஓ 2409 என்ற சர்வதேசத் தரமுறைப்படி கட்டம் கீறி நாடா ஒட்டி இழுத்தோம். எல்லாமே தேறின. இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். வேகாத பூச்சும் உலோகத்தை நன்றாகப் பிடித்திருக்கலாம். பிடிப்பு வேறு, வேக்காடு வேறு. அடுத்தது வேக்காட்டைப் பார்க்கும் எம்இகே (மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பான்) தேய்ப்பு. பஞ்சை அந்தக் கரைப்பானில் நனைத்து 30 தடவை முன்னும் பின்னும் தேய்த்தோம். பெட்டிகளில் பஞ்சு கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தது. இரண்டாம், மூன்றாம் தொகுதித் தாங்கிகளில் பத்தாவது தேய்ப்பிலேயே பஞ்சு சாம்பலாகிப் பூச்சு பிசுபிசுத்தது. முதல் தொகுதி நடுவில் நின்றது. பஞ்சில் கொஞ்சம் நிறம் ஒட்டியது, மினுமினுப்பு மங்கியது. எடையைப் போட்டு அடிக்கும் சோதனையில் முதல் தொகுதியும் விரிசல் விட்டது.

முதல் தொகுதியும் தேறாததுதான் எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது. அது பழைய வேகம், 2.0. அதாவது வேகத்தைக் கூட்டியது மட்டும் காரணம் இல்லை. மேலாளர் மேல் பழியைப் போட்டு வேகத்தைத் திருப்பி வைத்திருந்தால் பிரச்சினை அப்படியே தொடர்ந்திருக்கும்.

டேப்பும் கைக்கடிகாரமும்

சூப்பர்வைசர்தான் அந்த யோசனையைச் சொன்னார். "தம்பி, அட்டையை விடு. செயினை அளந்து பார்ப்போம்." தரையில் 6 மீட்டரை டேப்பால் அளந்து இரண்டு கோடு போட்டோம். ஒரு ஹூக்கில் சிவப்புத் துணியைக் கட்டினோம். முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோட்டுக்கு அந்தத் துணி வந்து சேர 2 நிமிடம் 30 விநாடி ஆனது. மூன்று தடவை அளந்தோம், அதே நேரம்தான்.

6 மீட்டரை 2.5 நிமிடத்தில் கடந்தால் நிமிடத்துக்கு 2.4 மீட்டர். அட்டை 2.2 என்று சொன்னது.

பழைய பராமரிப்புப் பதிவுகளைப் புரட்டினோம். ஒரு வருடத்துக்கு முன் செயினை இழுக்கும் கியர்பாக்ஸ் உடைந்து வேறொன்றைப் போட்டிருக்கிறார்கள். அதன் விகிதம் பழையதிலிருந்து கொஞ்சம் மாறுபட்டது. அட்டையை யாரும் மாற்றவில்லை. ஆக, 2.0 என்று நாங்கள் நம்பி ஓட்டிய ஒரு வருடமும் செயின் உண்மையில் 2.18-இல் ஓடியிருக்கிறது.

இனி கணக்கு எளிது. ஓவனில் இருக்கும் நேரம் என்பது 40-ஐ வேகத்தால் வகுத்தால் வருவது. 2.4-இல் அது 16.7 நிமிடம், 2.18-இல் 18.3 நிமிடம். இதில் உலோகம் 200 டிகிரியைத் தொட எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கழித்தால் மிச்சம் இருப்பதுதான் வேகும் நேரம். அந்த ஏறும் நேரம் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாது. அதை ஓவனுக்குள் போய்த்தான் அளக்க முடியும்.

ஓவனுக்குள் போன பெட்டி

பவுடர் விற்பவர்களிடமிருந்து வெப்பநிலையைப் பதிவு செய்யும் டேட்டா லாகரை இரண்டு நாளுக்கு வாங்கினோம். சூடு தாங்கும் பெட்டிக்குள் பதிவுக் கருவி இருக்கும். அதிலிருந்து வரும் வயர்களின் நுனியை உலோகத்தில் கவ்வ வைத்து, பொருளோடு சேர்த்து செயினில் தொங்கவிட வேண்டும். ஆறு முனைகள். ஒன்றைக் காற்றுக்கு விட்டோம், ஒன்றை மின்பலகைப் பெட்டியின் நடுவில் வைத்தோம். மீதி நான்கும் தாங்கிகளுக்கு, ஹூக்கின் மேல்நிலையிலும் கீழ்நிலையிலும். தாங்கியில் வெல்டிங் மூலையில் வைப்பது என் பிடிவாதம். தகடும் கோணமும் சேரும் இடத்தில்தான் இரும்பு அதிகம், அது கடைசியாகத்தான் சூடாகும். தட்டையான நடுவில் வைத்தால் அழகான வரைபடம் கிடைக்கும், ஆனால் பொய் சொல்லும்.

வரைபடம் திரையில் வந்தபோது சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் பேசவில்லை. காற்றின் கோடு மூன்று நிமிடத்துக்குள் 210-க்கு ஏறிப் படுத்துவிட்டது. பெட்டி 6 நிமிடத்தில் 200-ஐத் தொட்டது. மேலே தொங்கிய தாங்கிக்கு 14 நிமிடம் ஆனது, கீழே தொங்கியதற்கு 16.

2.4 வேகத்தில் பெட்டிக்கு 10.7 நிமிட வேக்காடு. தப்பித்துவிட்டது. மேல் தாங்கிக்கு 2.7 நிமிடம். கீழ்த் தாங்கிக்கு ஒரு நிமிடம்கூட இல்லை, வாசலுக்கு வரும்போதுதான் 200-ஐ எட்டியது. 2.18-இல் மேல் தாங்கிக்கு 4.3, கீழ்த் தாங்கிக்கு 2.3. 200 டிகிரியைத் தொடும் முன்பே பவுடர் கொஞ்சம் கொஞ்சமாக வேகத் தொடங்கிவிடும், அதனால்தான் முதல் தொகுதி அரைகுறையாகவாவது வெந்திருந்தது. ஓவனின் திரை மட்டும் இந்த இரண்டு வாரமும் 210 என்று காட்டிக்கொண்டே இருந்தது.

ஆராய்ந்த வழிகள்

காற்றைச் சூடாக்கலாம் என்பதுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றியது. 230-க்கு ஏற்றினால் தாங்கி சீக்கிரம் சூடாகும். ஆனால் அதே ஓவனில் பெட்டியும் போகிறது. மெல்லிய தகடு காற்றின் சூட்டை அப்படியே பிடித்துக்கொள்ளும், வெளிர்சாம்பல் மஞ்சளடிக்கும். இதைவிடப் பயம் ஒன்று உண்டு. ஏதோ காரணத்தால் செயின் 10 நிமிடம் நின்றால் உள்ளே இருக்கும் எல்லாம் பாழ். 210-இல் அதற்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், 230-இல் கிடைக்காது. வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

குறைந்த சூட்டில் வேகும் பவுடரும் உண்டு. ஆனால் வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்த மாதிரித் தகடு பழைய பவுடரில் செய்தது. புதியதற்கு நிறமும் மினுமினுப்பும் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். அத்தகைய பவுடரைக் குளிர்ச்சியாகச் சேமிக்கவும் வேண்டும். எங்கள் கிடங்கில் ஏர்கான் இல்லை. துவாஸ் வெயிலில் மூடிய கிடங்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரே பொருளை ஓவனுக்கு இரண்டு தடவை அனுப்பலாம் என்று மேலாளர் கேட்டார். ஆனால் முதல் சுற்றில் அரைகுறையாக வெந்ததைக் கையால் இறக்கி மறுபடி மாட்டும்போது கீறல் விழும். ஆளும் இல்லை.

எனவே வேகத்தைக் குறைப்பது ஒன்றே மிஞ்சியது. கீழ்த் தாங்கி 16 நிமிடத்தில் ஏறி 10 நிமிடம் வேக வேண்டும், ஆக 26 நிமிடம். கதவோரக் காற்று, சுமை கூடுவது, பர்னர் ஏற்ற இறக்கம் இவற்றுக்காக 10 சதவீதம் கூட்டினால் 28.6. 40-ஐ 28.6-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 1.4 மீட்டர். தாங்கிகளுக்கு அதுதான் வேகம் என்று முடிவாயிற்று.

வேகம் மாறினால் மாறுபவை

ஓவனுக்காகக் கண்டுபிடித்த இந்த எண் மற்ற இடங்களில் என்ன செய்யும் என்பதைச் சோதனை ஓட்டம்தான் எங்களுக்குக் காட்டியது. ஒரே செயின் என்பதால் ஓவனில் குறைத்தால் டனலிலும் பூத்திலும் குறையும்.

பூத்தில் முதலில் தெரிந்தது. 2.18-இல் 70 மைக்ரான் பூச்சுத் தடிமன் தந்த அதே கன் அமைப்பு, 1.4-இல் 109 தர வேண்டும் என்று கணக்கு. அளந்தால் 100-க்கும் 110-க்கும் நடுவில் வந்தது. பூச்சு ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளமாக இருந்தது. படிந்த பவுடரே மின்னேற்றத்தைத் தேக்கி, புதிதாக வரும் பவுடரை விரட்டியடித்ததால் சில இடங்களில் நட்சத்திர வடிவில் சிறு குழிகள் விழுந்திருந்தன. கன்னின் ஓட்டத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தோம். கன்னை மேலும் கீழும் ஆட்டும் ரெசிப்ரோகேட்டரின் வேகத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. அதை விட்டிருந்தால் பட்டை பட்டையாகத் தெரிந்திருக்கும். மூன்றாவது முயற்சியில் 65-க்கும் 80-க்கும் நடுவில் நின்றது.

டனலில் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எண்ணெய் நீக்கமும் பாஸ்பேட்டும் கூடுதல் நேரம் கிடைத்தால் நல்லதுதான் என்று நினைத்தோம். ஆனால் இரண்டு நிலைகளுக்கு நடுவில் தண்ணீர் வடியும் 2 மீட்டர் இடத்தை 1.4-இல் கடக்க 86 விநாடி ஆகிறது. ஈரமான, பூச்சில்லாத இரும்பு, சூடான டனல் காற்று. அதுவும் அதிகாலை ஷிப்ட், வெளியே ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். தகட்டில் பழுப்பு நிறத்தில் மெல்லிய துரு படர்ந்துவிட்டது. அந்த இடங்களில் நீர்த்துளி தூவும் சிறிய நாசில்களைப் பொருத்தி, மேற்பரப்பு காய்ந்துபோகாமல் வைத்தோம். துரு நின்றது.

இதே கணக்கைப் பெட்டிகளுக்குத் திருப்பிப் போட்டபோது இன்னொன்று வெளிப்பட்டது. பாஸ்பேட் நிலையின் நீளம் 3 மீட்டர். ரசாயனம் விற்பவர் குறைந்தது 90 விநாடி கேட்கிறார். 2.0-இல் சரியாக 90 கிடைக்கும். 2.4-இல் 75 விநாடிதான். ஒரு வருடமாக ஓடிய 2.18-இலும் 83-ஐத் தாண்டவில்லை. அதாவது பெட்டிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஓவன் இல்லை, பாஸ்பேட். தாங்கிகளைக் கட்டுப்படுத்துவது ஓவன். ஒவ்வொரு பொருளுக்கும் லைனின் எந்த இடம் கழுத்தைப் பிடிக்கிறது என்று தேடாமல் ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் வைத்ததுதான் எங்கள் தவறின் வேர். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

1.4-இல் உற்பத்தி விழுகிறதே என்று ஒரு ஹூக்குக்கு இரண்டு தாங்கிகளை முதுகோடு முதுகாக மாட்டிப் பார்த்தோம். லாகர் உடனே காட்டிக் கொடுத்தது. உள்பக்கம் காற்று படவில்லை, ஏறும் நேரம் 19 நிமிடமானது. அன்றைக்கே கைவிட்டோம்.

வாடிக்கையாளரும் பழைய பொருள்களும்

மேலாளர் இந்த இடத்தில் நேர்மையாக நடந்துகொண்டார். பொருத்தும்போது அதிகம் இறுக்கிவிட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்கச் சிலர் ஆலோசனை சொன்னார்கள். அவர் லாகர் வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு நேரில் போனார். ஐந்து வேலைநாள் அவகாசம் கிடைத்தது.

அனுப்பியிருந்த 210 தாங்கிகளில் தளத்தில் பொருத்திய 60-ஐயும் கழற்றி எல்லாவற்றையும் திருப்பி எடுத்தோம். பவுடர் வேகாமல் இருந்தால் அதை மறுபடி வேகவைக்க முடியும், அழுக்கும் எண்ணெயும் இல்லாதவரை. ஆனால் மென்மையான பூச்சை டனலில் ரசாயனத்துக்குள் அனுப்புவது சரியில்லை. எனவே டீஅயனைஸ் செய்த நீரில் துணி நனைத்துக் கையால் துடைத்து, பூத்தைத் தாண்டி, நேராக ஓவனுக்கு விட்டோம். 1.4 வேகம், ஒரு ஹூக்குக்கு ஒன்று. வெளியே வந்தவை எம்இகே தேய்ப்பிலும் எடை அடியிலும் தேறின. மினுமினுப்பு மாதிரித் தகட்டோடு ஒத்துப்போனது.

வாஷர் நசுக்கியவையும் நுரைத்தாள் தடம் பதிந்தவையும் அப்படிச் சரியாகவில்லை. பாதி வெந்த பூச்சு மறுபடி உருகிச் சமமாகப் பரவாது, தடம் அப்படியே இறுகிவிடும். அவற்றை உரித்து முதலிலிருந்து பூசினோம். அந்த உரிப்புச் செலவு, மூன்று இரவு ஓவர்டைம், லாரி வாடகை எல்லாம் சேர்ந்து, வேகத்தைக் கூட்டி மிச்சப்படுத்திய நேரத்தை முழுக்க விழுங்கிவிட்டன.

பெட்டிகள் வேக்காட்டில் தேறினாலும் பாஸ்பேட் நேரம் குறைந்திருந்தது. அதையும் வாடிக்கையாளரிடம் சொன்னோம். பூச்சு துருவைத் தாங்குமா என்று பார்க்க மாதிரிகளை உப்புநீர்த் தெளிப்புச் சோதனைக்கு அனுப்பினோம். தேறியதால் அவை திரும்பவில்லை.

இப்போது எப்படி ஓடுகிறது

தாங்கி போன்ற தடித்த பொருள்களைப் பகல் ஷிப்டின் கடைசித் தொகுதியாக மட்டும் ஓட்டுகிறோம். பெட்டிகளுக்கும் அவற்றுக்கும் நடுவில் வெற்று ஹூக்குகளை விடுகிறோம், பூத்தில் கன் அமைப்பை மாற்ற அந்த இடைவெளி போதும். முதல் தாங்கி ஓவனுக்குள் நுழையும்போது செயின் 1.4-க்கு வந்திருக்க வேண்டும். கடைசித் தாங்கி வெளியே வரும்வரை கூட்டக்கூடாது. வேகம் குறையும்போது ஓவனில் மாட்டிக்கொள்ளும் சில பெட்டிகள் அதிக நேரம் வேகும். பவுடர் அதைத் தாங்கும் என்று விற்பவரிடம் எழுதி வாங்கியிருக்கிறோம்.

இன்வெர்ட்டர் அருகே இருந்த பழைய அட்டை போய்விட்டது. புதிய அட்டையில் ஹெர்ட்ஸ் கடைசியில்தான் வரும். முதலில் தகட்டின் தடிமன், அதற்கு அளந்து பெற்ற வேகம், கன் அமைப்பு, அந்த வேகத்தைக் கட்டுப்படுத்தும் நிலை எது என்பது. திங்கட்கிழமை காலை வேலை தொடங்கும் முன் அந்த 6 மீட்டர் கோட்டில் சிவப்புத் துணி கட்டிச் செயினை அளக்கிறோம். மூன்று நிமிட வேலை. கியர்பாக்ஸ், மோட்டார், செயின் எதைத் தொட்டாலும் அன்றைக்கே அளக்க வேண்டும். பூத்தின் உறிஞ்சுதல் இணைப்பையும் அதே காலையில் சோதிக்கிறோம்.

புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் அதன் மிகத் தடித்த இடம் எது என்று லோடிங்கில் நிற்பவரைக் கேட்டுத்தான் லாகர் முனையை வைக்கிறேன். அவர் தினமும் தூக்குபவர், எங்கே கனம் என்று அவருக்குத் தெரியும்.

இன்னும் தீராத ஒன்று உண்டு. தாங்கிகள் ஓடும் நேரத்தில் உற்பத்தி 30 சதவீதம் குறைகிறது. ஓவன் வாசலில் இன்ஃப்ராரெட் சூடேற்றி ஒன்றைப் போட்டால் தடித்த தகடு சீக்கிரம் ஏறும் என்று விலை கேட்டிருக்கிறோம். மேலாளர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

அன்லோடிங்கில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. ஒவ்வொரு தொகுதியிலும் முதல், நடு, கடைசிப் பொருள்களை ஆறவைத்து நகத்தால் கீறி, பக்கத்துப் பொருளோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் எழுதுபவரே செயினை நிறுத்தலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. முதல் பக்கத்தில் இருப்பது தஞ்சாவூர்த் தம்பியின் கையெழுத்து. அன்றைக்குச் சொன்னதை எழுதி வைக்காமல் போனதற்கு சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலும் அவரிடம் வருத்தம் தெரிவித்தார். புத்தகம் தொங்கிய இரண்டாவது வாரத்தில் அந்தத் தம்பி ஒரு தடவை செயினை நிறுத்தினார். பர்னர் ஒன்று அணைந்திருந்தது.